மயிலாப்பூர் வாக்காளர் யார்? ஒரு தொகுதியின் பிம்பமும் அதன் தேர்தல் வரலாறும்

2011 சட்டமன்றத் தேர்தலில் மயிலாப்பூர் தொகுதி திமுக கூட்டணியில் காங்கிரஸுக்கு ஒதுக்கப்பட்டது. அன்றைய தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் கே. வி. தங்கபாலுவின் மனைவி வேட்பாளராக அறிவிக்கப்பட்டார். பரிசீலனையில் அவருடைய வேட்புமனு தள்ளுபடியானது. மாற்று வேட்பாளராக மனு கொடுத்திருந்த தங்கபாலுவே களத்தில் நிற்க வேண்டியதாயிற்று. அவரை எதிர்த்து நின்ற அதிமுக வேட்பாளர் ஆர். ராஜலட்சுமி, தொகுதிக்கு வெளியே அதிகம் அறியப்படாதவர். வாக்கு எண்ணிக்கையில் மாநிலத் தலைவர் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். கட்சித் தலைமைப் பதவியிலிருந்தும் விலகினார்.

சிலர் இதை வேட்புமனுக் குளறுபடியின் கதையாகச் சொல்வார்கள், சிலர் அந்த ஆண்டு அடித்த அலையின் கதையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் வேறொரு கேள்வி முக்கியமாகப் படுகிறது. தேசியக் கட்சியின் மாநிலத் தலைவர் தம் குடும்பத்துக்காகத் தேர்ந்துகொள்ளும் அளவுக்கு மயிலாப்பூர் பாதுகாப்பான தொகுதி என்று எதை வைத்து நினைத்தார்கள்? அவர்கள் மனத்தில் இருந்த மயிலாப்பூர் வாக்காளர் யார்? அவருக்கும், வரிசையில் நின்று வாக்களித்த மயிலாப்பூர் வாக்காளருக்கும் உள்ள தூரம் எவ்வளவு?

மயிலாப்பூர் மேல்தட்டினரின் தொகுதி, பிராமணர்களின் தொகுதி, திராவிட இயக்கம் வேர்விடாத தொகுதி, தேசியக் கட்சிகளுக்கு இயல்பாகவே இணக்கமான தொகுதி என்ற எண்ணம் பத்திரிகை எழுத்திலும் தேநீர்க் கடைப் பேச்சிலும் நெடுங்காலமாக உலவுகிறது. 1967 முதல் 2021 வரையிலான 13 பொதுத்தேர்தல்களின் முடிவுகளை வைத்து அந்த எண்ணத்தைச் சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் வந்து சேர்ந்த முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூர் பற்றிய பிம்பம் வாக்காளரின் முடிவைத் தீர்மானித்ததற்கான சான்று மிகக் குறைவு. கட்சித் தலைமைகளின் வேட்பாளர் தேர்வையும் தொகுதிப் பங்கீட்டையும் அது வலுவாகவே தீர்மானித்திருக்கிறது.

பிம்பம் உருவான காலம்

அரசியல் அகராதியில் ‘மயிலாப்பூர்’ என்ற சொல் ஒரு குழுவின் பெயராகவே முதலில் இடம்பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னை உயர்நீதிமன்றத்தைச் சுற்றி உருவான வழக்கறிஞர் வட்டம் மயிலாப்பூர் கோஷ்டி எனப்பட்டது. வி. பாஷ்யம் ஐயங்கார், எஸ். சுப்பிரமணிய ஐயர், வி. கிருஷ்ணசாமி ஐயர், பி. எஸ். சிவசாமி ஐயர், பின்னாளில் சி. பி. ராமசாமி ஐயர் ஆகியோர் அதன் முகங்கள். எதிர்முகாமாக சி. சங்கரன் நாயரும் கஸ்தூரி ரங்க ஐயங்காரும் சேர்ந்த எழும்பூர் கோஷ்டி இருந்தது. 1906இல் அர்பத்நாட் வங்கி முறிந்தபோது முதலீட்டாளர்களுக்காக வழக்காடிய கிருஷ்ணசாமி ஐயர், மறு ஆண்டே இந்தியன் வங்கி பிறக்க முன்நின்றார். லஸ் வட்டாரத்துப் பெரிய பங்களாக்களில் மாகாணத்தின் சட்டமும் நிதியும் பேசி முடிக்கப்பட்ட காலம் அது. பிராமணர் அல்லாதார் அரசியல் எழுந்து வந்தபோது அது முதன்மையாக எதிர்கொண்டதும் இந்த மயிலாப்பூரைத்தான். எம். எஸ். எஸ். பாண்டியன் 2007இல் வெளியான தம் ஆய்வில் பிராமணர், பிராமணர் அல்லாதார் என்னும் அடையாளங்கள் காலனிய காலத்தில் அரசியல் வகைமைகளாகத் திரண்ட விதத்தை விரிவாகக் காட்டியிருக்கிறார்.

பின்னாளைய எழுத்துகள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் ஓர் உண்மை இங்கே உண்டு. அந்தக் காலத்தில் வாக்குரிமை மிகச் சிலருக்கே இருந்தது. 1919 சட்டத்தின்கீழ் நடந்த தேர்தல்களில் சொத்துத் தகுதியோ வரி செலுத்தும் தகுதியோ உடையவர்களே வாக்காளர்கள். மெரினாவுக்குத் தெற்கே குப்பங்களில் வலை பின்னியவரும், பக்கிங்காம் கால்வாயில் படகு தள்ளியவரும், மாடவீதி வீடுகளில் பாத்திரம் துலக்கியவரும் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் வாக்காளர்களானது வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்து நடந்த 1952 தேர்தலில். மயிலாப்பூர் என்ற அரசியல் சொல் ஓர் உலகத்தில் பிறந்தது. மயிலாப்பூர் என்ற தொகுதி வேறோர் உலகத்தில் பிறந்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றெனக் கொள்ளப்படுகின்றன.

வரைபடத்துக்குள் இருப்பவர்கள்

கபாலீசுவரர் கோயிலின் நான்கு மாடவீதிகள், சபாக்கள், லஸ் முனை, ஆழ்வார்ப்பேட்டை: பிம்பத்தின் நிலப்பரப்பு இவ்வளவே. தொகுதியின் நிலப்பரப்பு இதைவிடப் பெரிது. கிழக்கே சாந்தோம் பேராலயத்தைச் சுற்றிய கத்தோலிக்கக் குடியிருப்புகள், கடலோரமாக நொச்சிக்குப்பம், டூமிங்குப்பம், பட்டினப்பாக்கம், அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய சீனிவாசபுரம், உள்ளே கச்சேரி சாலையும் அதன் முஸ்லிம் குடும்பங்களும், மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரத்தின் அகன்ற வீதிகளும், அவற்றுக்குப் பின்புறம் கால்வாய்க் கரையோரக் குடிசைகளும். கோயில் குளத்திலிருந்து கடற்கரை வரை நிதானமாக நடந்தால் அரை மணி நேரம் ஆகாது. அந்த நடையில் தொழிலும் சாதியும் சமயமும் மூன்று நான்கு முறை மாறிவிடும்.

சாதிக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. தேர்தல்தோறும் ‘மயிலாப்பூரில் இத்தனை விழுக்காடு இந்தச் சமூகத்தினர்’ என்று அச்சாகும் எண்களுக்கு அதிகாரபூர்வமான அடிப்படை கிடையாது. எல்லாச் சாதிகளையும் முழுமையாக எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931இல் நடந்தது. அதன் பின்னர் நடந்த கணக்கெடுப்புகள் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் மட்டுமே தனியாக எண்ணின. தொகுதி எல்லைகளோ அதற்கப்புறம் பலமுறை மாறியிருக்கின்றன. வாக்குச்சாவடி வாரியான முடிவுகள் படிவம் 20இல் கிடைக்கின்றன. ஆனால் வாக்குச்சாவடிகள் வீதிவாரியாகப் பிரிக்கப்படுபவை, ஒரே சாவடியில் பங்களாவாசியும் அதன் பின்சந்துக் குடிசைவாசியும் வாக்களிக்கிறார்கள். மயிலாப்பூரின் சாதிக் கணக்கை உறுதியாகச் சொல்லித் தேர்தல் முடிவை விளக்குபவர், முதலில் அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தார் என்று சொல்ல வேண்டும்.

1967இல் வென்றவரை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். திமுக சார்பில் வென்ற இராம. அரங்கண்ணல் எழுத்தாளர், அண்ணாவின் வட்டத்தைச் சேர்ந்தவர். 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியத்தின் தலைவராகவும் பொறுப்பேற்றார். சபாக்களின் தொகுதி என்று பெயர் பெற்ற இடத்தின் சட்டமன்ற உறுப்பினர் நகரத்துக் குடிசைவாசிகளின் வீட்டுப் பிரச்சினைக்குப் பொறுப்பாளரானார் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம்தான். எனக்கோ அது தொகுதியின் இன்னொரு பாதியை அடையாளம் காட்டும் செய்தியாகவே படுகிறது.

13 முடிவுகள்

1952லும் 1957லும் மயிலாப்பூரில் வென்றவர் காங்கிரஸின் சி. ஆர். ராமசாமி. 1967இல் தென்சென்னையே புரண்டது. நாடாளுமன்றத் தொகுதியில் அண்ணா, சைதாப்பேட்டையில் மு. கருணாநிதி, பரங்கிமலையில் மருத்துவமனைப் படுக்கையிலிருந்த எம்.ஜி.ஆர்., தியாகராய நகரில் உதயசூரியன் சின்னத்தில் ம. பொ. சிவஞானம், மயிலாப்பூரில் அரங்கண்ணல். அடுத்த இருபது ஆண்டு மாநிலத்தை ஆண்ட மூன்று முதலமைச்சர்களும் அந்த ஒரே தேர்தலில், ஒன்றையொன்று ஒட்டிய நிலப்பரப்பில் வென்றார்கள். திராவிட இயக்கம் இப்பகுதிக்கு அந்நியம் என்று சொல்பவர்கள் இந்த ஆண்டை எப்படித் தாண்டிப் போகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

1971இல் காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸைச் சேர்ந்த டி. என். அனந்தநாயகி. 1977லும் 1980லும் அதிமுகவின் டி. கே. கபாலி, ஊரின் இறைவன் பெயரைத் தாங்கியவர். 1984இல் அதிமுகவின் பா. வளர்மதி, 1989இல் திமுகவின் என். கணபதி, 1991இல் அதிமுகவின் டி. எம். ரங்கராஜன், 1996இல் திமுகவின் என். பி. ராமஜெயம், 2001இல் பாஜகவின் கே. என். லட்சுமணன், 2006இல் அதிமுகவின் எஸ். வி. சேகர், 2011இல் ஆர். ராஜலட்சுமி, 2016இல் அதே கட்சியின் ஆர். நட்ராஜ், 2021இல் திமுகவின் த. வேலு.

இந்த 13 தேர்தல்களில் 10இல் மாநிலத்தில் ஆட்சியைப் பிடித்த கட்சியே மயிலாப்பூரையும் பிடித்தது. 1971, 2001, 2006 ஆகிய மூன்றில் மட்டும் தொகுதி மாநிலத்துக்கு எதிர்த்திசையில் சென்றது. தனிப்போக்குடைய தொகுதி என்று பெயர் வாங்கிய ஓர் இடத்துக்கு இது எதிர்பாராத கணக்கு. மாநிலக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் சாய்ந்த சாதாரணத் தொகுதியாகவே அது பெரும்பாலும் இருந்திருக்கிறது. இன்னொன்று: 1977இல் சென்னையின் பெரும்பாலான தொகுதிகளைத் திமுக தக்கவைத்தபோதும் மயிலாப்பூர் அதிமுகவின் பக்கம் நின்றது. அதாவது தலைநகரத்திலிருந்து விலகி, தமிழகத்தின் சிற்றூர்களோடு சேர்ந்து எம்.ஜி.ஆருக்கு வாக்களித்தது. அதை விளக்க மாடவீதி போதாது. குப்பங்களுக்கும் கால்வாய்க் கரைக்கும் போக வேண்டும்.

இடையில் ஒரு குறிப்பு. இந்த 13 வெற்றிகளில் மூன்று பெண்களுடையவை: அனந்தநாயகி, வளர்மதி, ராஜலட்சுமி. மூவரும் வெவ்வேறு பத்தாண்டுகளில் வந்தவர்கள். 2021இல் மாநிலம் முழுவதிலுமாக 234 இடங்களில் 12 பெண்களே வென்றார்கள் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மயிலாப்பூரைப் பற்றிய எழுத்துகளில் இது பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

மூன்று விதிவிலக்குகள்

பிம்பத்துக்கு ஆதரவான வாதம் இந்த மூன்று ஆண்டுகளில்தான் தங்கியிருக்கிறது. எனவே ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் 1971. பிம்பத்துக்கு மிக வலுவான சான்று இதுதான். அதை மறைக்க விரும்பவில்லை. 1967இல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி திமுகவோடு நின்றது. பிராமணர்கள் ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உதயசூரியனுக்கு வாக்களிக்கட்டும் என்று ராஜாஜி கேட்டுக்கொண்டார் என்ற செய்தி இன்றும் சொல்லப்படுகிறது. 1971இல் அதே ராஜாஜி காமராஜரோடு கைகோத்தார். தேர்தலுக்குச் சற்று முன் சேலத்தில் பெரியார் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலம் பெரும் சர்ச்சையாகி, எதிர்க்கட்சிகளின் பரப்புரையில் இடம்பிடித்தது. மயிலாப்பூர் ஸ்தாபன காங்கிரஸுக்குப் போனது. ராஜாஜி போன திசையில் தொகுதி போனது என்று இதைப் படிக்க நியாயமான இடமிருக்கிறது.

ஆனால் மாநிலத்தின் முழுக் கணக்கையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தேர்தலில் திமுக 184 இடங்களை வென்றது, ஸ்தாபன காங்கிரஸுக்குக் கிடைத்தவை 15. இடங்களில் இவ்வளவு சுருங்கிய அந்தக் கட்சி வாக்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெற்றிருந்தது. காமராஜரின் காங்கிரஸுக்கு ஊர்தோறும் வாக்கு இருந்தது. அந்தப் பரவலான வாக்கு எங்கோ சில இடங்களில் எல்லையைக் கடந்தது, மயிலாப்பூர் அவற்றில் ஒன்று. வென்ற அனந்தநாயகியின் அரசியல் பின்னணியும் வழக்கறிஞர் பங்களாக்களில் இல்லை. முன்பு வடசென்னையின் பேசின் பிரிட்ஜ் தொகுதியில் வென்ற காங்கிரஸ்காரர் அவர். ராஜாஜி விளைவும் காமராஜர் விளைவும் கலந்த இந்த முடிவில் பிம்பத்துக்கு ஒரு பங்கு உண்டு, முழுப்பங்கு இல்லை.

இரண்டாவது 2001. பாஜகவின் கே. என். லட்சுமணன் வென்றார் என்பதால் இந்த ஆண்டு அதிகமாக மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த ஆண்டு பாஜக தமிழகத்தில் வென்றவை நான்கு: மயிலாப்பூர், காரைக்குடி, மயிலாடுதுறை, தளி. நான்கிலும் அது திமுக கூட்டணியில் நின்றது. மாநிலம் அதிமுகவுக்கு 132 இடங்களை அள்ளிக் கொடுத்து, திமுகவை 31இல் நிறுத்தியது. அந்த 31இல் சென்னையின் பங்கு கணிசமானது. சேப்பாக்கம், துறைமுகம், ஆயிரம்விளக்கு, அண்ணா நகர், எழும்பூர், பக்கத்துத் தொகுதிகளான தியாகராய நகர், சைதாப்பேட்டை என நகரம் திமுகவின் பக்கம் நின்றது. அதே நகரத்து வாக்குதான் மயிலாப்பூரில் தாமரைச் சின்னத்தில் விழுந்தது. லட்சுமணன் சேலத்தைச் சேர்ந்தவர். தொகுதியில் அவருக்குச் சொந்த வேர் இல்லை. இந்த முடிவை ‘மயிலாப்பூர் பாஜகவைத் தேர்ந்தெடுத்தது’ என்று சொல்வது அரை உண்மை. சென்னையின் திமுக வாக்கு கூட்டணிக் கட்சிக்கு நேர்மையாக மாறிச் சேர்ந்தது என்பது மீதி உண்மை. அதன் பிறகு 2021 வரை அக்கட்சி இங்கு மீண்டும் வெல்லவில்லை.

மூன்றாவது 2006. அதிமுக நாடகக் கலைஞர் எஸ். வி. சேகரை நிறுத்தியது, திமுக நடிகர் நெப்போலியனை நிறுத்தியது. ஐஐடி பட்டதாரிகள் தொடங்கிய லோக் பரித்ராண் கட்சியும் களத்தில் இருந்தது. நாடு முழுக்கப் பத்திரிகைகள் அதைக் கவனித்தன. நெருக்கமான போட்டியில் சேகர் வென்றார். சபா நாடக ரசிகர்கள் தங்கள் கலைஞரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று இது விளக்கப்பட்டது. அழகான விளக்கம்தான், ஆனால் பக்கத்து வீட்டுக்கு அது பொருந்தாது. அந்தத் தேர்தலில் சென்னையின் 14 தொகுதிகளில் 7 அதிமுகவுக்குப் போயின: ராயபுரம், ஆர். கே. நகர், பூங்கா நகர், திருவல்லிக்கேணி, தியாகராய நகர், சைதாப்பேட்டை, மயிலாப்பூர். ராயபுரத்து மீனவருக்கும் ஆர். கே. நகர் தொழிலாளிக்கும் சபா நாடகம் காரணமாக இருந்திருக்க முடியாது. நகரம் முழுக்க ஒரு நகர்வு இருந்தது. சுனாமி சென்னைக் கடற்கரைக் குப்பங்களைத் தாக்கி அப்போது ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. நொச்சிக்குப்பமும் சீனிவாசபுரமும் பட்டினப்பாக்கமும் அதில் அடிபட்ட இடங்கள். அரசு நிவாரணமே அன்றாடப் பேச்சாக இருந்த குடும்பங்கள் இந்தத் தொகுதிக்குள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 2006ஐ விளக்க முயல்பவர் நாடக மேடையோடு இந்தக் கடற்கரையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆக மூன்று விதிவிலக்குகளில் இரண்டு சென்னை நகரத்தின் பொதுப்போக்கோடு சேர்ந்தவை, ஒன்று கலப்பானது.

பிம்பம் உண்மையில் வேலை செய்யும் இடம்

வாக்காளரிடம் இவ்வளவு மெலிதாகத் தெரியும் பிம்பம், கட்சி அலுவலகங்களில் பளிச்சென்று தெரிகிறது. 2001 முதல் 2021 வரையிலான ஐந்து தேர்தல்களைத் திமுகவின் கண்ணால் பாருங்கள். 2001இல் தொகுதியைப் பாஜகவுக்குக் கொடுத்தது. 2011லும் 2016லும் காங்கிரஸுக்குக் கொடுத்தது. உதயசூரியன் இங்கு நேரடியாக நின்றது 2006லும் 2021லும் மட்டுமே. முன்னதில் நெருங்கித் தோற்றது, பின்னதில் வென்றது. 1967, 1989, 1996 ஆகிய ஆண்டுகளில் தானே வென்ற தொகுதியை ஒரு கட்சி ஐந்தில் மூன்று முறை தேசியக் கட்சிக்கு ஒதுக்குகிறது. ‘மயிலாப்பூர் நமக்கு ஒத்துவராது, தேசியக் கட்சிக்கு ஒத்துவரும்’ என்ற நினைப்பு பேச்சுவார்த்தை மேசையில் இருந்ததைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

2016 முடிவையும் இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நடந்த அந்தத் தேர்தலில் சென்னையின் 16 தொகுதிகளில் திமுக 10ஐ வென்றது. மயிலாப்பூரோ முன்னாள் காவல்துறை உயரதிகாரி நட்ராஜுக்கு, அதாவது அதிமுகவுக்குப் போனது. படித்த, ஒழுங்கை விரும்பும் மயிலாப்பூர் ஓர் உயர் அதிகாரியைத் தேர்ந்தெடுத்தது என்று எழுதினார்கள். ஆனால் எதிரே நின்றது காங்கிரஸின் கராத்தே தியாகராஜன். அந்தக் கூட்டணியில் காங்கிரஸ் போட்டியிட்ட 41 இடங்களில் வென்றவை 8 மட்டுமே. கை சின்னம் மாநிலம் முழுக்கத் திணறிய ஆண்டில், சென்னையில் உதயசூரியன் நின்ற இடங்களோடு மயிலாப்பூரை ஒப்பிட்டு வாக்காளரின் குணம் பேசுவது முறையான ஒப்பீடு ஆகாது.

வேட்பாளர் தேர்விலும் இதே கதை. சபா நடிகர், திரைநடிகர், மாநிலத் தலைவரின் மனைவி, ஓய்வுபெற்ற காவல்துறை உயரதிகாரி, 2021இல் மக்கள் நீதி மய்யத்தின் சார்பில் நடிகை ஸ்ரீபிரியா: கட்சிகள் மயிலாப்பூருக்குத் திரும்பத் திரும்ப ஒரே வகையான முகத்தைத் தேடியிருக்கின்றன. வெளியே தெரிந்த பெயர், ஆங்கிலப் பத்திரிகைக்குச் செய்தியாகும் பெயர். அவர்களில் சிலர் வென்றார்கள், சிலர் தோற்றார்கள். ஆனால் 2011இல் மாநிலத் தலைவரை வென்றவரும், 2021இல் சட்டமன்ற உறுப்பினராக இருந்த முன்னாள் காவல்துறை உயரதிகாரியை வென்றவரும் கட்சி அமைப்புக்குள்ளிருந்து வந்தவர்கள். பெயருக்கு முன் ‘மயிலை’ ஒட்டிக்கொண்ட த. வேலு, சுவரொட்டியும் பூத் கமிட்டியும் தெரிந்த அரசியலின் ஆள். பெரிய பெயரை நிறுத்தினால் மயிலாப்பூர் மயங்கும் என்ற கணக்கு, இருமுறையும் சாதாரணக் கட்சிக்காரர்களிடம் தோற்றது.

ஓர் எதிர்வாதத்தை எதிர்கொள்ள வேண்டும். மேல்தட்டினர் வாக்களிப்பதில்லை, அதனால்தான் அவர்கள் விருப்பம் முடிவுகளில் தெரிவதில்லை என்று சிலர் சொல்கிறார்கள். 2021இல் மாநிலம் 70 விழுக்காட்டைத் தாண்டியபோது சென்னை மாவட்டம் 60ஐத் தொடவில்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தென்சென்னையின் வாக்குப்பதிவு 55 விழுக்காட்டுக்கும் கீழே. வீட்டிலிருந்தவர்களின் வாக்கு முடிவை மாற்றக்கூடியது என்பதற்குப் பக்கத்தில் தியாகராய நகர் சாட்சி. 2021இல் அங்கே வெற்றி வித்தியாசம் 137 வாக்குகள், அந்தத் தேர்தலின் ஆகக் குறைந்த வித்தியாசம். ஆகவே இந்த எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் குறைந்த வாக்குப்பதிவு மேல்தட்டின் சோம்பல் மட்டுமே என்பது சரியாகாது. வீடு மாறிய வாடகைதாரர், அயலூர் வேலைக்குப் போன மீனவ இளைஞர், பட்டியலில் பழைய முகவரியோடு கிடக்கும் பெயர்கள், ஒரு வாக்காளருக்கு இரு இடத்தில் பதிவு: நகரத்துப் பட்டியலே வீங்கிக் கிடந்தது. விழுக்காட்டின் கீழ்ப்பகுதி எண் நம்பகமில்லாதபோது, அதை வைத்து ஒரு வர்க்கத்தின் குணத்தைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

கடலும் கால்வாயும்

தொகுதியின் அரசியலை ஆழமாக அறிய விரும்புபவர் தேர்தல் முடிவுகளை விடவும் இரு நீர்க்கரைகளைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1985இல் மெரினாவை அழகுபடுத்தும் பெயரில் படகுகளையும் வலைகளையும் அகற்ற எம்.ஜி.ஆர். அரசு முயன்றது. எதிர்த்த மீனவர்கள் மீது காவல்துறை சுட்டது, மீனவர்கள் இறந்தார்கள். நொச்சிக்குப்பத்தின் நினைவில் இது இன்னும் வடுவாக இருக்கிறது. கலங்கரை விளக்கம் முதல் பட்டினப்பாக்கம் வரை செல்லும் லூப் சாலை பின்னாளில் அந்தக் குப்பங்களின் நடுவே ஓடியது. சாலையோர மீன் கடைகளை அகற்றும் பிரச்சினை 2023இல் உயர்நீதிமன்றம் வரை போனது. மீனவர்கள் படகுகளைச் சாலையில் நிறுத்திப் போராடினார்கள். 2024இல் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. எந்தக் கட்சி வந்தாலும் கடற்கரை யாருக்கு என்ற இந்த வழக்கு தொடர்கிறது. தொகுதியின் எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களும், அவர்கள் நாடகக்காரரோ காவல்துறை அதிகாரியோ, இதற்கு முகம்கொடுத்தே ஆகவேண்டியிருந்தது.

கால்வாய்க் கரையின் கதை இன்னும் கொடியது. பக்கிங்காம் கால்வாயின் மேல் தூண் நட்டுப் பறக்கும் ரயில் வந்தது. 1997இல் திருமயிலை நிலையம் வரை, 2004இல் திருவான்மியூர் வரை. கரையோரக் குடியிருப்புகள் சுருங்கிக்கொண்டே போயின. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவின்படி வீடுகள் இடிக்கப்பட்டபோது, அங்கே வாழ்ந்த முதியவர் ஒருவர் தீக்குளித்தார், பிறகு இறந்தார். சட்டமன்றத்தில் அது விவாதமானது. மாற்று இடம் அருகிலேயே தரப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். பெரிய வீடுகளுக்குப் பெயர்போன வட்டாரத்தின் நடுவில் நடந்தது இது. பிம்பத்தில் அந்தத் தெருவுக்கு இடமே இல்லை.

இங்கிருந்து அகற்றப்பட்டவர்கள் பல ஆண்டுகளாகக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பழைய மகாபலிபுரம் சாலையோரம் குடியேற்றப்பட்டார்கள். சென்னைக் கடற்கரையில் சுனாமியால் வீடிழந்தவர்களில் பலர் செம்மஞ்சேரிக்குப் போனார்கள். அந்த மூன்று இடங்களும் சோழிங்கநல்லூர் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தவை. 2021இல் அங்கே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்கள்; மாநிலத்திலேயே பெரிய தொகுதி அது. மயிலாப்பூரில் 3 லட்சத்தை எட்டவில்லை. இரண்டும் ஒவ்வோர் உறுப்பினரையே சட்டமன்றத்துக்கு அனுப்புகின்றன. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து 2008இல் வரையப்பட்ட எல்லைகள் அவை. அதற்குப் பிறகுதான் பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகள் எழுந்தன.

சிலர் இன்னும் அதிகாலையில் பேருந்து ஏறி மயிலாப்பூர் வீடுகளுக்கு வேலைக்கு வருகிறார்கள். பங்குனி உத்திரப் பெருவிழாவில் அறுபத்து மூவர் ஊர்வலத்துக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாடவீதியில் நிற்கிறார்கள். அவர்களுடைய வாக்காளர் அட்டையில் இப்போது இருக்கும் முகவரி பெரும்பாக்கத்துடையது.